அரைமணி முந்திய கடிகாரம்

அத்தியாயம் 5

"ஒண்ணு மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும். இல்லன்னா எனக்குப் பிடிச்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

மரியஅந்தோணி இதைச் சொல்லிவிட்டு, கழுத்து மப்ளரை இறுக்கிக்கொண்டு, ஏதோ பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். வயது அறுபத்தெட்டு. மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, எல்லோரும் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க, பயப்படாமல் அதைத் தொட்ட முதல் ஆள்.

அவர் வீட்டுக் கூடத்தில் எதிரே இருந்தவர் துப்பறியும் திருமலைச்சாமி. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து, மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்து, கொடைக்கானல் ஏழு ரோடு பக்கத்தில் ஒரு சாக்லேட் கடைக்கு மாடியில் ஏஜென்ஸி போர்டு மாட்டியவர். ஒரு கொலை கேஸாவது வராதா என்று எட்டு வருஷமாக ஏங்குகிறார். வருவதெல்லாம் காணாமல் போன பொமரேனியன் நாய்களும், தேனிலவுக்கு வந்த இடத்தில் மோதிரத்தைத் தொலைத்த மாப்பிள்ளைகளும்தான்.

அவர் உதவியாளர் சுமலதா, வயது முப்பத்து நான்கு. லாட்ஜ் ரிசப்ஷனில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள். பொய்ப் பெயரில் ரூம் கேட்பவர்களைப் படியேறும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அந்தத் திறமையைவிட அவள் வாய் கொஞ்சம் பெரிது.

"பாஸ், கொடைக்கானல்லயே முதல் முறையா ஒரு கம்ப்யூட்டரைக் கைது பண்ணப் போறோம்," என்றாள், பிஸ்கட்டைக் காபியில் நனைத்தபடி. "விலங்கு எங்க மாட்டுறதுன்னுதான் தெரியல."

மரியஅந்தோணி சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை.

"பையன் டெனிஸ் சென்னையில இருக்கான். போன்ல சொன்னேன், திங்கக்கிழமை காலையில பாத்தா கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் எல்லாம் மாறிக் கெடக்குதுன்னு. ஒரு தடவை சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை அவன், 'அப்பா, யாரும் மாத்தல, நீங்கதான் குழம்பிப் போயிட்டீங்க'ன்னுட்டான். அவங்கம்மா அமலி போன வருஷம் தவறினதுல இருந்து அவனுக்கு என்மேல பயம். மதுரையில ஒரு முதியோர் ஹோம்ல இடம் சொல்லி வச்சிருக்கான். நாளைக்கு ஞாயித்துக்கிழமை வர்றான். சாயங்காலம் கிளம்பணுமாம்."

"நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"ஒரு கண்டிஷன் போட்டேன். விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வந்து பாத்து, கோளாறு மெஷின்லதான்னு எழுதிக் கொடுத்துட்டா, என்னை இந்த வீட்டுலயே விட்டுடணும். சரின்னுட்டான். அவன் நல்ல பிள்ளைதாங்க. வாக்குத் தவற மாட்டான்."

ஆக, வேண்டியது ஒரு தாள். அதில் இரண்டு வரி. கீழே ஒரு கையெழுத்து. திருமலைச்சாமிக்கு இதைவிட எளிமையான கேஸ் வந்ததில்லை. எளிமையாக ஆரம்பித்த எந்தக் கேஸும் அவரை நிம்மதியாக விட்டதும் இல்லை.

"மெஷினைப் பாக்கலாமா சார்?"

கம்ப்யூட்டர் உள்ளறையில், மழைச்சாரல் படாமல் இருக்க ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தது. டெனிஸ் காலேஜில் படிக்கும்போது, தொண்ணூற்றொன்பதில் வாங்கியது. மானிட்டரின் முதுகு ஒரு சின்னப் பீரோ அளவுக்குப் பின்னால் நீண்டிருந்தது.

"ரிப்பேர்க்காரப் பையன் பிரதீப் நாலு தடவை வந்தான்," என்றார் மரியஅந்தோணி. "முதல்ல உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சுன்னு மாத்தினான். அப்புறம் வைரஸ்னு ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சான். கடைசியில, ஈரம் ஏறிடுச்சு, அடுப்பு பக்கத்துல வைங்கன்னு சொல்லிட்டான். ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை வரைக்கும் ஒழுங்கா இருக்கும். திங்கக்கிழமை காலையில மறுபடியும் அதே கதை. இந்த வாரம் அவனைக் கூப்பிடல. தடயம் அழிஞ்சிடக் கூடாதுன்னு நான் கையே வைக்கல."

"தடயம்னு சொன்னீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுக்கலாம் சார்," என்றாள் சுமலதா.

திருமலைச்சாமி சுவிட்சைப் போட்டார். சில நொடிகள் கழித்து விண்டோஸின் வரவேற்பு இசை, தேர்த் திருவிழா ஒலிபெருக்கி போல அலறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சுமலதா துள்ளியதில் பிஸ்கட் டம்ளருக்குள் விழுந்து மூழ்கியது.

"தடயம் ஒன்று," என்றார் திருமலைச்சாமி. "வால்யூம் முழுசா வச்சிருக்கு."

திரையில் எழுத்துகள் சாலையோர விளம்பரப் பலகை அளவுக்கு இருந்தன. ஒரு பெயரைப் படித்து முடிக்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. மவுஸின் இடது பொத்தானை அழுத்தினால் வலது பொத்தானின் வேலை நடந்தது. மூலையில் இருந்த கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. திருமலைச்சாமியின் கைக்கடிகாரத்தில் பதினொன்று இருபது.

அவர் பத்து நிமிஷம் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழைய பிளாப்பிகளும் அமலியின் ஜெபமாலையும் தூசி படிந்து கிடந்தன. அவற்றின் மேல் ஒரு மைக் கிடந்தது. அதில் மட்டும் தூசி இல்லை.

அதற்குள் மரியஅந்தோணி தட்டோடு வந்தார்.

"காபி சாப்பிடுங்க. வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு காபி கூடக் கொடுக்கல நான்."

சுமலதா கையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தாள், தட்டில் இருந்த புது டம்ளரைப் பார்த்தாள், கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டாள். "ரெண்டாவது ரவுண்டு. இந்த மாதிரி கிளையன்ட் வாரத்துக்கு ஒருத்தர் வந்தாப் போதும் பாஸ்." சுவரில் தொங்கிய தினசரி காலண்டரையும் அவள் விடவில்லை. "இங்க பாருங்க, அக்டோபர் ரெண்டு, சனிக்கிழமை. காந்தி ஜெயந்திக்கு இன்னும் முழுசா ரெண்டு வாரம் கெடக்கு. இந்த வீட்டுல கம்ப்யூட்டர் கடிகாரம் மட்டும் இல்ல, காலண்டரும் வெரசாத்தான் ஓடுது."

"கிழமை சரியாத்தானே இருக்கு," என்றார் மரியஅந்தோணி, கொஞ்சம் தடுமாறி.

திருமலைச்சாமி அதைக் காதில் வாங்கிக்கொண்டாரே தவிர, மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் அப்போது வேறு ஒரு சந்தோஷத்தில் இருந்தார்.

"சார், பேட்டரி செத்தா கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போயிடும். வைரஸ் வந்தா ஃபைலைத் தின்னும். ஈரம் ஏறினா மெஷின் எந்திரிக்கவே எந்திரிக்காது. இதுல எதுவுமே எழுத்தைப் பெருசாக்கி, மவுஸை இடது கைக்கு மாத்தி, கடிகாரத்தை அளந்த மாதிரி அரைமணி தள்ளி வச்சிட்டுப் போகாது. இது கோளாறு இல்ல சார். ஒரு ஆள்."

"ஆளா?" மரியஅந்தோணியின் முகத்தில், மேகம் விலகினாற்போல் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப என் மூளை...?"

"உங்க மூளைக்கு என்ன? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் யாரோ இதுல வந்து உக்கார்றாங்க. இடது கைப் பழக்கம். கண் பார்வை மட்டு. தூரத்துல இருந்து வர்ற குரலைக் கேக்குறாங்க. பக்கத்துல இருக்கிற குரலுக்கு எதுக்கு இவ்வளவு வால்யூம்?" அவர் கடிகாரத்தின் மேல் இரண்டு தட்டு தட்டினார். ஒரு பெட்டி திறந்தது. "பிரதீப் நாலு தடவையும் முள்ளைத்தான் பாத்திருக்கான். ஊரைப் பாக்கல. இந்த மெஷின் எந்த ஊர் மணியைக் காட்டுதுன்னு இங்க போட்டிருக்கு, படிங்க."

மரியஅந்தோணி குனிந்து படித்தார். "ஸ்ரீ ஜெயவர்த்தனபுர..."

"இலங்கை. அங்க நம்மளைவிட அரைமணி முந்தி. இந்த வீட்டுக்கு வந்து போறவங்கள்ல இலங்கை சம்பந்தம் யாருக்கு?"

மரியஅந்தோணி வந்து போகிறவர்களை விரல்விட்டு எண்ணினார். "வேலைக்கு வர்ற சண்முகவள்ளி. சிலோன் தேயிலைத் தோட்டத்துல இருந்து திரும்பி வந்த குடும்பம், பேத்துப்பாறையில இருக்கா. ஆறு வருஷமா வர்றா. சேச்சே, அவளா? அவளுக்கு ஏ பி சி டி கூடத் தெரியாதுங்க. ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு வேற."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சர்ச்சு, சாப்பாடு, தூக்கம். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் தூங்குவேன்." ஒரு நொடி நிறுத்தினார். "தூங்குவேன்னுதான் நெனைக்கிறேன்."

"போதும் சார். சாயங்காலத்துக்குள்ள ஆளோட பேரை எழுதிக் கொடுத்துடுறேன்."

அவர்கள் கிளம்பும்போது மரியஅந்தோணி வாசல்வரை வந்து திருமலைச்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "மூணு மாசமா ராத்திரி படுத்தா பயமா இருக்குங்க. காலையில எந்திரிக்கும்போது நான் நானா இருப்பேனான்னு. இன்னைக்குத்தான் மூச்சு வருது."

திருமலைச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். பாவம், அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

* * *

பெருமாள்மலை இறக்கத்தில் வெண்மூட்டமாக மஞ்சு இறங்கி, முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஸ்கூட்டரின் பிரேக், பிடிப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு வளைவிலும் யோசித்தது.

"பாஸ், நாம குற்றவாளியைப் பிடிக்கிறதுக்கு முன்னால இந்த லாரியைப் பிடிச்சிடுவோம் போல."

"வாயை மூடிட்டு யோசி, சுமா."

"யோசிச்சுட்டேன். ஏ பி சி டி தெரியாதவங்க, இங்கிலீஷ்ல இருக்கிற அத்தனை பெட்டியையும் திறந்து, ஊரை மாத்தி, மவுஸை மாத்தி, எழுத்தைப் பெருசாக்கியிருக்காங்க. எனக்கு டென்த் வரைக்கும் இங்கிலீஷ் இருந்துச்சு. எனக்கே எங்க இருக்குன்னு தெரியாது."

"தெரியாத மாதிரி இருக்கிறதுதான் திருட்டோட முதல் பாடம்."

"என்னத்தைத் திருடினாங்க பாஸ்? அரைமணி நேரத்தையா?"

திருமலைச்சாமிக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பதில் இல்லாத கேள்விகள் அவருக்கு எப்போதுமே பிடிக்காது. ஸ்கூட்டரைப் பேத்துப்பாறைப் பாதையில் திருப்பினார்.

* * *

சண்முகவள்ளியின் வீடு பாதைக்குக் கீழே, பீன்ஸ் காட்டை ஒட்டி இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய மெலிந்த பெண். வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி இடது கையில் இருந்தது. காயைக் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து நறுக்கினாள்.

திருமலைச்சாமி சுமலதாவைத் திரும்பிப் பார்த்தார். எப்படி என்று கேட்கிற பார்வை.

"ரெண்டு கேள்விக்கு மார்க் வாங்கிட்டீங்க," என்று முணுமுணுத்தாள் அவள்.

"சண்முகவள்ளிதானே? மரியஅந்தோணி சார் வீட்டுல இருந்து வர்றோம்."

கத்தி நின்றது. "ஐயாவுக்கு என்ன? வெள்ளனே நான் வந்துட்டுப் போகும்போது சுகமாத்தானே இருந்தார்?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. அவர் கம்ப்யூட்டருக்குத்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க அதுல யார்கூடப் பேசுறீங்க?"

மறுப்பாள், அழுவாள், சத்தம் போடுவாள் என்று மூன்றுக்கும் திருமலைச்சாமி தயாராக வந்திருந்தார். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. பீன்ஸ் முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தங்கச்சிகிட்ட. ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கா. எம்பத்தி மூணுல நாங்க கப்பலேறுனோம். எங்களுக்கு மட்டுந்தான் இந்தியாவுக்குப் பாஸ்போட்டு வந்துச்சு. அவளை எங்க சித்தி வளத்தா, அவகூட நின்னுட்டா. கப்பலுக்குப் போற ரயில் கிளம்பும்போது ஓடியாந்தா, பன்னெண்டு வயசு. அதுக்கப்பறம் இருவத்தோரு வருசம் கொரலே கேக்கல. இப்ப ஞாயித்துக்கெழமை டவுனுக்கு வந்து, கொமினிகேசன் கடையில, அங்கயும் ஒரு பொட்டி முன்னால உக்காந்து கதைப்பா. கெழவி கொரலு மாதிரி ஆயிருச்சு. சிரிக்கிறது மட்டும் அப்புடியே இருக்கு."

"பேசுறது தப்பில்லம்மா," என்றார் திருமலைச்சாமி, குரலைக் கொஞ்சம் இறக்கி. "ஆனா அவர் தூங்கும்போது உள்ள போய், செட்டிங்ஸை எல்லாம் மாத்தி வச்சிட்டு வந்துடுறீங்க. அதனால அவருக்கு எவ்வளவு பெரிய கஷ்டம்னு தெரியுமா?"

அவள் புரியாமல் பார்த்தாள். "நானா? அந்தப் பொட்டிய எப்புடி ஏத்துறதுன்னே எனக்குத் தெரியாதுங்களே. ஐயாதான் எல்லாம் செஞ்சு தருவார். பக்கத்துலயே நாக்காலி போட்டு உக்காந்திருப்பார். தங்கச்சி சிரிச்சா அவரும் சிரிப்பார்."

மஞ்சு பீன்ஸ் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயாவா?" என்றாள் சுமலதா.

"மொத வாரம் தப்பிப்போச்சு. அவ நாலு மணிக்குன்னு எழுதியிருந்தா. நாங்க நாலு மணிக்குப் போயி உக்காந்தா, அவ காத்திருந்துட்டுப் போயிட்டா. அங்க மணி அரைமணி முந்தின்னு எனக்கு மறந்துபோச்சு. ஐயாதான், இனிமே நீ கணக்குப் பாக்க வேணாம், இந்தப் பொட்டியில அந்த ஊரு மணியவே வச்சிடுறேன்னார். எனக்குக் கண்ணு தெரியலைன்னு எழுத்தப் பெருசாக்குனார். பீச்சாங்கை ஆளுன்னு அந்த எலிய மாத்துனார். அவ கொரலு மெதுவாக் கேக்குதுன்னு சத்தத்தக் கூட்டுனார்."

இடது கைக்காரருக்காக, கண் மங்கியவருக்காக, தூரத்துக் குரலுக்காக. திருமலைச்சாமி எல்லாவற்றையும் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். அந்த மாற்றங்கள் யாருக்காக என்று கண்டுபிடித்தாரே தவிர, யார் செய்தது என்று யோசிக்கவே இல்லை. ஏ பி சி டி தெரிந்த, பெட்டியைத் தொடப் பயப்படாத ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.

"அப்ப அவருக்கு..." என்று ஆரம்பித்தார்.

சண்முகவள்ளி எழுந்து உள்ளே போனாள். ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து, அதைச் சுமலதாவின் மடியில் வைத்தாள். உள்ளே தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும், நீல மையில், பள்ளிக்கூட ஆபீஸ் ரிஜிஸ்டருக்கே உரிய முத்து முத்தான எழுத்து.

சுமலதா மேலே இருந்த தாளை வாசித்தாள். "வள்ளிக்கு: நாளை ஞாயிறு, இலங்கை மணி நான்கு. சீக்கிரம் வந்துவிடு. முதல் தடவை என்பதால் பயப்படாதே, நான் பக்கத்தில் இருப்பேன்."

இரண்டாவதை எடுத்தாள். அதே வரிகள். மூன்றாவது. ஐந்தாவது. "முதல் தடவை என்பதால் பயப்படாதே." எண்ணிக்கொண்டே போனாள். பதினான்கு தாள்கள். கடைசித் தாளின் மை இன்னும் புதிதாக இருந்தது. அன்று காலையில் எழுதியது.

பதினான்கு நாள் முன்னால் ஓடிய காலண்டர் திருமலைச்சாமிக்கு அப்போதுதான் மனதில் ஏறியது. வாரம் ஒரு தாள் கூடுதலாகக் கிழிந்திருக்கிறது. இரண்டாவது காபியும் ஞாபகம் வந்தது. ஒரு காபி கூடக் கொடுக்கல நான் என்று சொன்னாரே, அப்போது அந்த மனுஷர் விளையாடவில்லை.

"ஒவ்வொரு சனிக்கெழமையும் புதுசா கேப்பேன்," என்றாள் சண்முகவள்ளி. "ஐயா, எந்தங்கச்சிகிட்டக் கதைக்கணும் போல இருக்குன்னு. ஒடனே அவருக்கு மொகம் மலந்துரும். அதுக்கென்ன வள்ளி, கம்ப்யூட்டர்லயே பேசலாமேன்னுவார். இப்பத்தான் தோணுன மாதிரி. தாளக் கிழிச்சு எழுதித் தருவார்."

"நீங்க சொல்லலையா? போன வாரமும் பேசினோம்னு?"

"ஒரே ஒரு தரம் சொன்னேன். மூணாவது வாரம். திங்கக்கெழமை எவனோ வந்து மாத்திட்டான்னு தவிச்சுக்கிட்டு இருந்தார். மனசு கேக்காம, நேத்து நீங்கதானய்யா மாத்துனீங்கன்னுட்டேன். அவரு என்னப் பாத்தார் பாருங்க. சோறு திங்கல. அன்னைக்குப் பூரா செவுத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். மறுநா அதையும் மறந்துட்டார். நான் மறக்கல. அந்த மொகத்த இன்னொரு தரம் என்னால பாக்க ஏலாது." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கேக்குறத நிறுத்தியிருக்கணும். எனக்கு ஏலல. இருவத்தோரு வருசங்க."

திருமலைச்சாமி, நாளை மகன் வருவதையும், மதுரை ஹோமையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாலதான் அவரக் கூட்டிக்கிட்டுப் போறாங்களா?"

கிளம்பும்போது திருமலைச்சாமி கடைசித் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். துப்பறிகிறவருக்குச் சாட்சி வேண்டுமே. அதை எதற்கு வாங்கினோம் என்று பெருமாள்மலை ஏறும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வரும் வழி முழுக்கச் சுமலதா ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி ஒன்று உரசிக்கொண்டு போனபோதுகூட.

* * *

மரியஅந்தோணி கதவைத் திறந்தபோது மணி ஐந்து. உள்ளறைக் கம்ப்யூட்டர் கடிகாரம் ஐந்தரை காட்டிக்கொண்டிருந்தது.

"ஆளைப் பிடிச்சிட்டீங்களா? மெஷினா, நானா?"

"சார்..." திருமலைச்சாமி மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பேனா மூடியைத் திறந்தார். "மெஷினைப் பத்திச் சொல்லணும்னா சார், பழைய மாடல்..."

மரியஅந்தோணி அவரைப் பார்க்கவில்லை. சுமலதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"காலையில இந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்துச்சு," என்றார் மெதுவாக. "என்ன பேசிச்சுன்னு ஞாபகம் இல்ல. சிரிச்சது ஞாபகம் இருக்கு. இப்ப என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது." நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நான்தான்."

எட்டு வருஷத்தில் திருமலைச்சாமி கண்ட மிகச் சிறந்த துப்பு அதுதான். அது அவருடையதாக இல்லை.

மறைக்க வழியில்லாமல், வள்ளியிடம் வாங்கிய தாளை நீட்டினார். மரியஅந்தோணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திருப்பி, காலண்டர் பக்கத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"என் எழுத்துதான்." கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை தடவை?" என்றார்.

"பதினாலு தாள் சார்."

"வள்ளி பேசினாளா? தங்கச்சிகிட்ட?"

"முதல் வாரம் தவறிப்போச்சு. அப்புறம் பன்னெண்டு வாரமா பேசுறாங்க," என்றாள் சுமலதா, ஜன்னலைப் பார்த்தபடியே. "நீங்கதான் பக்கத்துல உக்காந்திருப்பீங்களாம். அவங்க சிரிச்சா நீங்களும் சிரிப்பீங்களாம்."

"அது எனக்கு ஞாபகம் இல்லையேம்மா," என்றார் அவர். உதடு கோணி, சிறு பிள்ளை போல அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். "பரவால்ல. நல்ல காரியந்தான் பண்ணியிருக்கேன். தப்பா ஒண்ணும் பண்ணல."

கொலை கேஸுக்கு ஏங்கிய திருமலைச்சாமிக்கு இது போதும் என்றாகிவிட்டது.

"உள்ளதை எழுதுங்க," என்றார் மரியஅந்தோணி. "டெனிஸ்கிட்டப் பொய் சொல்ல வேணாம். ஆனா நாளைக்கு வள்ளி பேசி முடிச்ச பிறகு கொடுங்க. நாலு மணிக்கு அவன் என்னைக் கூட்டிட்டுக் கிளம்பணும்னான். அவளோட நாலு மணி நமக்கு மூணரைதானே? அரைமணி நேரம் இருக்கு. எனக்கு அது போதும்." எழுந்தார். "இருங்க, காபி கொண்டு வர்றேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. திருமலைச்சாமி எழுத ஆரம்பித்தார். அன்புள்ள திரு. டெனிஸ் அவர்களுக்கு, உங்கள் தந்தையின் கணினியைப் பரிசோதித்தேன். அதில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்குமேல் பேனா நகரவில்லை. சுமலதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காலண்டரைச் செப்டம்பர் பதினெட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தாள். கிழித்த தாளைத் திரும்ப ஒட்டவா முடியும்?

பத்து நிமிஷம் கழித்து மரியஅந்தோணி தட்டோடு வந்தார். முகம் கழுவியிருந்தார். மப்ளரை ஒழுங்காகச் சுற்றியிருந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்து, மரியாதையாகச் சிரித்தார்.

"கம்ப்யூட்டர் பாக்க வந்தவங்கதானே? உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? காபி எடுத்துக்கோங்க." நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். "விஷயம் இதுதாங்க. ஒண்ணு மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும். இல்லன்னா எனக்குப் பிடிச்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க."

திருமலைச்சாமி வாயைத் திறந்தார்.

சுமலதா முந்திக்கொண்டாள். காலையில் வந்தபோது இருந்த அதே சிரிப்பை எங்கிருந்தோ தேடி எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, டம்ளரைக் கையில் எடுத்தாள்.

"மெஷினுக்குத்தான் சார். சந்தேகமே இல்ல."

"நான் அப்பவே நெனச்சேன்!" மரியஅந்தோணி நெஞ்சில் கைவைத்து, பெரிய மூச்சாக விட்டார். "அதை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க. நாளைக்கு எம்பையன் வர்றான்."

தாள் மேஜைமேல் இருந்தது. அதில் ஏற்கனவே இரண்டு வரி எழுதியிருந்தது.